முதுகுவலியும் மூட்டுவலியும் உள்ள வீட்டுக்கு எந்த மெத்தை பொருந்தும்?

காவிரிக்கரை (ஈரோடு):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் புதிய மெத்தை வாங்க வேண்டியிருக்கிறது. இப்போது இருக்கும் காயர் (தேங்காய் நார்) மெத்தை வாங்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நடுப்பகுதி பள்ளமாகிவிட்டதால், இரவில் நானும் கணவரும் நடுவை நோக்கிச் சரிந்துவிடுகிறோம். எனக்கு வயது 44. சில ஆண்டுகளாகக் கீழ்முதுகு வலி இருக்கிறது. ஸ்கேன் பார்த்த எலும்பு மருத்துவர், இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) ஒன்று சற்றே பிதுங்கியிருக்கிறது என்றும், அறுவைச் சிகிச்சை தேவையில்லை, உடற்பயிற்சியே போதும் என்றும் கூறினார். பகலில் வலி அவ்வளவாகத் தெரிவதில்லை. காலையில் எழும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. உறவினர் வீட்டில் தங்கும் நாட்களில் அந்தப் பிடிப்பு குறைவதால் மெத்தையின் மீது சந்தேகம் வந்தது.

என் மாமியாருக்கு 71 வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருக்கிறது. இடுப்பின் வெளிப்புற எலும்பிலும் வலி இருப்பதாகச் சொல்கிறார். அவர் ஒருக்களித்துத்தான் படுப்பார். அவருக்கும் தனிக் கட்டிலுக்கு மெத்தை வாங்க வேண்டும்.

ஒரு கடையில் "ஆர்த்தோ" என்று எழுதிய, பலகைபோல் இறுகிய மெத்தையைக் காட்டி, முதுகுவலிக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்றார்கள். அடுத்த கடையில் அதை வாங்கவே கூடாது, மெமரி ஃபோம்தான் சரி என்றார்கள். இருவருமே உறுதியாகச் சொன்னதால் எனக்குக் குழப்பம் கூடிவிட்டது. அனுபவம் உள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

நெல்லைத்தென்றல் (திருநெல்வேலி):

சகோதரி, என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். மெத்தையே வேண்டாம். எங்கள் ஊர்ப்பக்கம் பத்தமடையில் நெய்யும் கோரைப்பாயில், மேலே ஒரு கனத்த போர்வையை விரித்துத் தரையில் படுத்துப் பாருங்கள். என் தந்தையாருக்கு இடுப்பு வலி வந்தபோது அன்றைய மருத்துவர் பலகையில் படுக்கச் சொன்னார். அவர் எழுபது வயது கடந்தும் பாயில்தான் படுத்தார். நானும் அப்படியே படுக்கிறேன். பள்ளம் விழுந்த மெத்தையில் படுத்தபோது எனக்கு இருந்த வலி பாய்க்கு மாறியதும் குறைந்துவிட்டது. பல ஆயிரம் ரூபாய் செலவழிப்பதற்கு முன் செலவில்லாத இந்த வழியைச் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை.

தஞ்சை_இயன்முறை (தஞ்சாவூர்):

நான் இயன்முறை மருத்துவத் துறையில் பணிபுரிகிறேன். நெல்லைத்தென்றல் ஐயா சொன்னதில் ஒரு பகுதி சரி: பள்ளம் விழுந்த மெத்தையை விட்டு வெளியே வந்தாலே பலருக்கு வலி குறையும். ஆனால் குறைத்தது தரையின் கடினமா, பள்ளம் இல்லாமற்போனதா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கடினமான படுக்கைதான் முதுகுக்கு நல்லது என்று முன்பு மருத்துவர்களே அறிவுறுத்தினார்கள் என்பது உண்மை. அந்தக் கருத்தை முறையாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2003-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஃபிரான்சிஸ்கோ கோவாக்ஸ் தலைமையிலான ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், குறிப்பிட்ட காரணம் காட்ட இயலாத நாட்பட்ட கீழ்முதுகு வலி உடைய 313 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்குக் கடினமான மெத்தையும் மற்றொரு பிரிவினருக்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தையும் கொடுத்து, 90 நாட்கள் கழித்து ஒப்பிட்டார்கள். 1 என்றால் மிகக் கடினம், 10 என்றால் மிக மென்மை என்ற ஐரோப்பிய அளவுகோலில் முதல் வகை 2.3, இரண்டாம் வகை 5.6. படுத்திருக்கும்போது ஏற்படும் வலி, எழும்போது ஏற்படும் வலி, அன்றாட வேலைகளில் ஏற்படும் தடை ஆகியவற்றில் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். எந்தப் பொருளால் செய்த மெத்தை சிறந்தது என்பதை அந்த ஆய்வு கூறவில்லை. கடினம் கூடக்கூட நன்மையும் கூடும் என்ற எண்ணம் சரியல்ல என்பதைத்தான் அது காட்டியது.

இதற்குக் காரணம் முதுகெலும்பின் வளைவு. மிகக் கடினமான பரப்பில் மல்லாந்து படுத்தால் பிட்டமும் மேல்முதுகும் எடையைத் தாங்க, இடுப்பின் உள்வளைவு தாங்கலின்றி அந்தரத்தில் நிற்கும். அங்கே தசைகள் தளராமல் இறுகியே இருக்கும். மிக மென்மையான பரப்பில் உடலின் கனத்த பகுதியான இடுப்பு அமிழ்ந்து முதுகு வளைந்துவிடும். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு நிலைமை வேறு. தோளும் இடுப்பும்தான் வெளியே நீண்டிருக்கும் பகுதிகள். அவை சற்று அமிழ இடம் கொடுக்காத மெத்தை, இடுப்பின் வெளிப்புற எலும்பை மூடியுள்ள தசைநாண்களை இரவு முழுவதும் அழுத்திக்கொண்டே இருக்கும். ஆகவே, உங்கள் மாமியாருக்கு அந்த "ஆர்த்தோ" மெத்தையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவரைத் தரையில் படுக்கவைப்பதும் சரியல்ல. தேய்ந்த முழங்கால்களோடு இரவில் கழிப்பறைக்குச் செல்லத் தரையிலிருந்து எழுவது அவருக்குக் கடினம் மட்டுமல்ல, விழும் ஆபத்தும் உண்டு.

உங்களிடம் ஒரு கேள்வி: காலையில் ஏற்படும் பிடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது? வலியால் பின்னிரவில் விழித்துக்கொள்கிறீர்களா?

காவிரிக்கரை:

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி ஐயா. எழுந்து நடந்து, அடுப்பில் பால் வைத்து முடிப்பதற்குள் பிடிப்பு விட்டுவிடும். கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்ததில்லை. வலியால் விழித்துக்கொள்வதும் இல்லை.

தஞ்சை_இயன்முறை:

அப்படியானால் மெத்தையை மாற்றிப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. இதை நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. நாற்பது வயதுக்கு முன்பே மெல்லத் தொடங்கி, பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் நீடித்து, ஓய்வில் கூடி நடமாட்டத்தில் குறையும் முதுகுவலி, முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். அதற்கு எந்த மெத்தையும் தீர்வாகாது. மூட்டு அழற்சி மருத்துவரைப் பார்க்க வேண்டும். கால்களில் வலு குறைதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழத்தல், தொடையிடுக்கில் மரத்துப்போதல் ஆகியவை இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காரணமற்ற எடைக்குறைவோ காய்ச்சலோ முதுகுவலியுடன் சேர்ந்து வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. இந்த இழையைப் பின்னாளில் படிப்பவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

பொள்ளாச்சி_நார் (பொள்ளாச்சி):

காயர் மெத்தைத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, இப்போது மெத்தை விற்பனையில் இருக்கிறேன். எந்த நிறுவனத்தையும் பரிந்துரைக்கப் போவதில்லை. கடையில் எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பழைய மெத்தை. தேங்காய் நாரை முறுக்கிச் சுருளாக்கி, பிறகு பிரித்துப் பரப்பி, மேலே ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்திச் சூடேற்றிப் பதப்படுத்துவதுதான் ரப்பரைஸ்டு காயர். காற்றோட்டம் மிக நன்றாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் நாரைப் பிடித்திருக்கும் ரப்பர் நாளடைவில் தளர்ந்து உதிரும். எடை விழும் இடத்தில் நார் படிந்துவிடும். ஒரு முறை படிந்த நார் மீண்டும் எழாது. புதிதாக இருக்கும்போது மிகக் கடினமாகவும், சில ஆண்டுகளில் பள்ளமாகவும் ஆவது அதன் இயல்பு. அதன் மேல் இரண்டு அங்குல ஃபோமோ லேடெக்ஸோ (ரப்பர் நுரை) வைத்துத் தைத்த மெத்தைகள் இப்போது நிறைய வருகின்றன; அவை தொடக்கத்தில் வசதியாக இருந்தாலும் அடித்தளம் காயர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

"ஆர்த்தோ" என்ற அடைமொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் எந்த மெத்தையின் மீதும் அச்சிடலாம். அப்படி விற்கப்படும் பல மெத்தைகளின் உள்ளே இருப்பது ரீபாண்டட் ஃபோம். ஃபோம் வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளைப் பொடித்து, பசை சேர்த்து, அழுத்திக் கட்டியாக்கியது அது. மிகவும் கனமாகவும் இறுக்கமாகவும் இருக்கும். அடித்தட்டாக இருந்தால் நல்லது. மேல்தட்டும் அதுவே என்றால் தோளும் இடுப்பும் வலிக்கும். ஆகவே, பெயரை விட்டுவிட்டு, மேலிருந்து கீழ்வரை எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் எந்தப் பொருள், எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். பக்கவாட்டில் ஜிப் இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து "டென்சிட்டி". 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று கடையில் சொல்வது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதைக் குறிக்கிறது. டென்சிட்டி கூடினால் மெத்தை கடினமாக இருக்கும் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. ஒரே 40 டென்சிட்டியில் மென்மையான ஃபோமும் வார்க்கலாம், கடினமான ஃபோமும் வார்க்கலாம். டென்சிட்டி சொல்வது எத்தனை காலம் உழைக்கும் என்பதை. 28-க்குக் கீழே உள்ளதை நாள்தோறும் படுக்கும் மெத்தைக்கு நான் ஏற்பதில்லை. மெமரி ஃபோம் என்றால் 50-க்கு மேல் இருப்பது நல்லது. உங்கள் கணவர் கனத்த உடல்வாகு உள்ளவராக இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனெனில் மலிவான ஃபோம் அவர் பக்கத்தில்தான் முதலில் பள்ளமாகும்.

எல்லாவற்றுக்கும் முன்பாகக் கட்டிலைப் பாருங்கள். மெத்தையில் குறை என்று புகார் செய்து எங்களை அழைக்கும் வீடுகளில் பல முறை நான் கண்டது, வளைந்த பிளைவுட்டையும் நடுவில் கால் இல்லாத இரட்டைக் கட்டிலையும்தான். நாடாக் கட்டிலில் எவ்வளவு நல்ல மெத்தையைப் போட்டாலும் அது நாடாவின் வளைவையே எடுத்துக்கொள்ளும். சட்டங்கள் உள்ள கட்டில் என்றால் இரண்டு சட்டங்களுக்கு இடையே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பழைய மெத்தையைத் தரையில் போட்டு ஓரிரு இரவு படுத்துப் பாருங்கள். பள்ளம் மறைந்தால் மாற்ற வேண்டியது கட்டிலின் பலகை.

வங்கக்கரை (சென்னை):

பொள்ளாச்சி ஐயாவின் பதிவு மிகவும் பயனுள்ளது. மூட்டுவலி உள்ளவர்களின் தரப்பிலிருந்து நானும் சொல்ல விரும்புகிறேன். எனக்கு முடக்குவாதம் இருக்கிறது. விரல்கள், மணிக்கட்டு, தோள், முழங்கால் ஆகிய எல்லாவற்றிலும் பாதிப்பு உண்டு. முதுகுவலி உள்ளவர் மெத்தையில் தேடுவது தாங்கலை. எங்களைப் போன்றவர்கள் அதோடு இன்னொன்றையும் தேட வேண்டும்: இரவில் எளிதாகப் புரண்டு படுக்க முடிய வேண்டும். ஒரே நிலையில் நெடுநேரம் கிடந்தால் மூட்டு இறுகிவிடும் என்பதால் நாங்கள் அடிக்கடி புரள்கிறோம். ஒவ்வொரு முறையும் முழங்கையை ஊன்றி உடலைத் தூக்க வேண்டியிருந்தால் அந்த இரவு வீண்.

மெமரி ஃபோமில் எனக்கு நேர்ந்தது அதுதான். 1966-இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளில் அதிர்வைத் தாங்குவதற்கென உருவாக்கப்பட்ட பொருள் அது. உடல் வெப்பத்தில் இளகி, உடலின் வடிவத்தில் குழிந்து, அழுத்தத்தைப் பரப்பிவிடும். படுத்தவுடன் தோள்வலி குறைந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் குழிந்த இடம் மெதுவாகத்தான் மேலெழும் என்பதால், புரள வேண்டுமென்றால் அந்தக் குழியிலிருந்து ஏறி வர வேண்டும். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் அது மேலும் இளகும், சூடும் வெளியேறாது. குளிர்சாதனம் ஓடும்வரை சரி. மின்சாரம் நின்றால் முதுகு முழுவதும் வியர்வை. முழுமையாக மெமரி ஃபோம் என்பதைவிட, மேலே ஓரிரு அங்குலம் மட்டும் இருக்கும் மெத்தையில் இந்தக் குறைகள் குறைவு.

இப்போது நான் படுப்பது இயற்கை லேடெக்ஸில். அதுவும் அமிழும், ஆனால் கையை எடுத்தவுடன் எழும்பிவிடும். ஆகவே புரளுவது எளிது. துளைகள் வழியே காற்றும் போகும். பாக்கெட் ஸ்பிரிங் மெத்தையிலும் இதே எளிமை உண்டு; ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருப்பதால் அருகில் படுத்திருப்பவர் அசைந்தாலும் நமக்கு அதிகம் தெரியாது. லேடெக்ஸின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். விலை அதிகம். எடையும் மிக அதிகம். விரிப்பைச் செருகுவதற்கு மெத்தையின் மூலையைத் தூக்க என் மணிக்கட்டால் முடியாது. வீட்டில் வேறொருவர்தான் செய்கிறார். உங்கள் மாமியார் தம் படுக்கையைத் தாமே விரிப்பவர் என்றால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

உயரத்தைக் கட்டாயம் அளந்து பாருங்கள். கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரம், விளிம்பில் உட்காரும்போது இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியும்படியும், முழங்கால் இடுப்பைவிட மேலே போகாதபடியும் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்களின் உயரத்துக்குத் தரையிலிருந்து சுமார் 18 அங்குலம் பொருந்தும். பழைய கட்டிலின் மேல் பத்து அங்குல மெத்தையை வாங்கிப் போட்டுவிட்டு, பெரியவர்கள் கால் தொங்க உட்கார்ந்திருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பார்க்கவே மனம் பதறுகிறது. மிகத் தாழ்வாக இருந்தாலும் முழங்கால்தான் முழு எடையையும் தூக்க வேண்டும். மெத்தையின் விளிம்பு உட்கார்ந்தால் சரியாத அளவுக்கு உறுதியாக இருக்கிறதா என்பதையும் கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள், ஏனெனில் எழுவதற்கு நாம் கையை ஊன்றுவது அங்கேதான்.

நெல்லைத்தென்றல்:

பெரியவர்களைத் தரையில் படுக்கவைக்க வேண்டாம் என்பதை ஏற்கிறேன். நான் சகோதரியை மனத்தில் வைத்துத்தான் எழுதினேன். ஆனால் பாய் எல்லோருக்கும் தீங்கு என்பதுபோல் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மல்லாந்து படுக்கும் பழக்கமும், தரையில் உட்கார்ந்து எழும் பழக்கமும் உள்ளவர்களுக்கு அது இன்றும் நிம்மதியான தூக்கத்தைத் தருகிறது. இலவம்பஞ்சு மெத்தையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வரும் பஞ்சில் தைத்த மெத்தை வெயில் காலத்திலும் சூடேறாது.

தஞ்சை_இயன்முறை:

தீங்கு என்று சொல்லவில்லை ஐயா. வலியின்றித் தூங்கி வலியின்றி எழுபவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இலவம்பஞ்சைப் பொறுத்தவரை, காற்றோட்டம் அருமை. ஆனால் எடை விழும் இடத்திலிருந்து பஞ்சு விலகிக் கட்டிகட்டியாகிவிடும். அடிக்கடி வெயிலில் உலர்த்தி, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பஞ்சைப் பிரித்து மீண்டும் தைத்துக்கொள்ள வாய்ப்புள்ளவர்களுக்கு மட்டுமே முதுகுவலியோடு அது ஒத்துவரும். லேடெக்ஸை மட்டும் அப்படி வெயிலில் போட்டுவிட வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும்.

மெத்தையோடு தலையணையையும் சேர்த்துப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்கும் உங்கள் மாமியாருக்கு, முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை வைத்தால் மேல்கால் முன்னால் சரிந்து இடுப்பை இழுக்காது. நீங்கள் மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒன்று வைத்துப் பாருங்கள். இடுப்பின் மேல் உள்ள இழுப்பு குறையும். உறங்கும்போது அதை இரவு முழுவதும் வைக்க வேண்டியதில்லை, குறிப்பாக முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள், ஏனெனில் எப்போதும் மடங்கியே இருக்கும் முழங்கால் நீட்ட முடியாமல் இறுகிப்போகும். காலையில் நேராக எழுந்து உட்காராதீர்கள். ஒரு பக்கமாகத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கியபடி கைகளால் ஊன்றி எழுங்கள். இவற்றை இன்றிரவே பழைய மெத்தையில் தொடங்கிவிடலாம்.

காவிரிக்கரை:

நேற்று கணவரோடு கடைக்குச் சென்று ஒவ்வொரு மெத்தையிலும் படுத்துப் பார்த்தோம். எனக்குப் பிடித்த நடுத்தர மெத்தையில் அவர் மிகவும் அமிழ்ந்துவிடுகிறார். அவர் எடை 92 கிலோ, நான் 58. அவருக்குப் பொருந்துவது எனக்குப் பலகையாக இருக்கிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா?

பொள்ளாச்சி_நார்:

உண்டு, தாராளமாக. 78-க்கு 72 அங்குலக் கட்டிலுக்கு ஒரே மெத்தை வாங்குவதற்குப் பதில், 78-க்கு 36 அளவில் இரண்டு மெத்தைகளை ஒரே உயரத்தில், வெவ்வேறு கடினத்தில் வாங்கிச் சேர்த்துப் போட்டு, மேலே ஒரே உறை மாட்டிவிடலாம். நடுத்தரம் என்பது எடையைப் பொறுத்து மாறும். 58 கிலோ எடையுள்ளவருக்குக் கடினமாகத் தோன்றுவது 92 கிலோவுக்கு நடுத்தரமாக இருக்கும். ஆகவே மற்றவர்கள் எழுதும் மதிப்புரைகளைப் படிக்கும்போது எழுதியவரின் எடை தெரியாமல் அதை நம்பி வாங்காதீர்கள்.

கடையில் படுக்கும்போது வழக்கமாக உறங்கும் நிலையில் பத்துப் பதினைந்து நிமிடம் படுங்கள். மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை நுழைக்கச் சொல்லுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை மிகக் கடினம். கையை நுழைக்கவே முடியாவிட்டால் மிக மென்மை. ஒருக்களித்துப் படுக்கும்போது முதுகெலும்பு நேர்க்கோட்டில் இருக்கிறதா என்பதைப் பின்னால் நின்று ஒருவர் பார்க்க வேண்டும். அலைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் ஒப்பிட வசதி. பல நிறுவனங்கள் 100 இரவு வரை சோதனைக் காலம் தருகின்றன. புதிய மெத்தைக்கு உடல் பழகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், முதல் வாரத்தில் முடிவெடுக்க வேண்டாம். ஆனால் திருப்பித் தந்தால் பணமா, மாற்று மெத்தையா, வண்டிக் கூலி யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவாதச் சீட்டில் எத்தனை அங்குலப் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்று ஓர் அளவு இருக்கும். அதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எங்களுக்கு இரண்டு தனி மெத்தைகள் என்றும், மாமியாருக்குக் கீழே உறுதியான ஃபோமும் மேலே இரண்டு அங்குல லேடெக்ஸும் உள்ள ஆறு அங்குல மெத்தை என்றும் முடிவு செய்திருக்கிறோம். அவருடைய கட்டில் பன்னிரண்டு அங்குலம் என்பதால் உயரமும் சரியாக அமைகிறது. கடைசியாக ஒரு சந்தேகம்: பழைய காயர் மெத்தையை எறிய மனம் வரவில்லை. அதைக் கீழே போட்டு அதன் மேல் புதிய மெத்தைகளை வைத்தால் என்ன?

பொள்ளாச்சி_நார்:

வேண்டாம் சகோதரி. கீழே இருக்கும் பள்ளம் சில மாதங்களில் மேலே வந்துவிடும், உத்தரவாதமும் செல்லாமற்போகக்கூடும். படுக்கையின் உயரமும் நான்கைந்து அங்குலம் கூடிவிடும். எங்கள் பகுதியில் சிலர் மெத்தையைப் பிரித்து, துணியை நீக்கிவிட்டு, நாரைத் தென்னை மரங்களைச் சுற்றிப் பரப்பிவிடுகிறார்கள். மண்ணின் ஈரம் காயாமல் இருக்கிறது. உங்களிடம் தோட்டம் இருந்தால் அப்படிச் செய்யுங்கள், இல்லையென்றால் புதிய மெத்தையை இறக்க வருபவர்களிடமே பழையதை எடுத்துச் செல்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.